மூன்று தையலுக்கு ஒன்று

கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பெயர். தைக்கிற பெண்கள் வைத்தது. சட்டை அவள் மேசைக்கு வந்தால் விட்டுப்போன ஒரு தையல்கூடத் தப்பாது. தப்பு இருக்கும் இடத்தில் சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை, அதே அம்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது அண்ணன் வீட்டு டிவியின் மேல்.

அண்ணி கலந்துகொண்ட தையல் போட்டியின் எட்டாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒளிபரப்பாகிப் பத்து நாள் ஆகிறது. அவள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

"சுவர்க் கடிகாரத்தப் பாருண்ணா. நடுவர் வாயத் தொறக்கும்போது மூணு பத்து. மூடும்போது ரெண்டு நாப்பது."

அம்பு.

"அண்ணி ஏப்ரன்ல டீக்கறை இருக்கு. இப்போ இல்ல. இப்போ மறுபடி இருக்கு."

அம்பு.

"டிவிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றான் அண்ணன். அவன் பஸ் டிரைவர். பத்து மணி ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். "வெட்டி ஒட்டறதுதானே அவங்க தொழில். இதுல என்ன கண்டுபிடிப்பு?"

"நேரத்த வெட்டினவங்க நூல வெட்ட மாட்டாங்களா?"

"உனக்குக் கடவுள் நேர்ல வந்தாலும் பின்பக்கம் திருப்பித் தையலப் பாப்ப" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் மறுபடி ஓடவிட்டாள். அண்ணி தைத்த கவுனோடு மாடல் பெண் நடந்து வந்தாள். கையை உயர்த்தினாள். கை உயர்ந்தது, கவுனின் கை உயரவில்லை. கைக்குழியிலிருந்து கழன்று முழங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு நடுவர் வாயைப் பொத்தினார். அதை மூன்று கோணத்தில், மூன்று தடவை, மெதுவாகக் காட்டினார்கள். அண்ணி வெளியேற்றப்பட்டாள்.

அதற்கப்புறம் அண்ணியின் தையல்கடை படுத்துவிட்டது. கல்யாண உடுப்புக்குக் கொடுத்திருந்த மூன்று பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நாலாவதாக வந்தவள், "கை நிக்குமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அண்ணி தைத்த கை கழலாது. ஆள் கழன்றாலும் கை கழலாது. இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எட்டு வாரம் ஆயிற்று, பார்க்கிறவர்களுக்கு ஓர் அழுகை தேவைப்பட்டிருக்கும், எவனோ வெட்டியிருக்கிறான். அந்த நிகழ்ச்சிக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினாள். வெள்ளிக்கிழமை போன் வந்தது. புதன்கிழமை சிறப்புப் படப்பிடிப்பு. மேடையிலேயே புகாரைப் பேசலாம். அண்ணியும் அவளும் சேர்ந்து வரவேண்டும். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் பதில்.

கேட்டதைக் கேட்டவுடன் கொடுக்கிற கடைக்காரனை நம்பாதே என்பார்கள். அவளும் நம்பவில்லை. கையில் சாட்சி இல்லாமல் போகக்கூடாது என்று நினைத்தாள். சாட்சி இருந்தது. நிகழ்ச்சிக்காரர்கள் அந்தக் கவுனைப் பார்சலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிரிக்கப்படாமல் அலமாரிமேல் கிடந்தது.

முன்னறைதான் கடை. அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்தப் பார்சலப் பிரிக்கட்டுமா?"

"அது எதுக்கு இப்போ?"

"புதன்கிழமைக்கு."

"விடேன். போனது போகட்டும்."

"போறது உங்க பேரு அண்ணி."

"பேரு." அண்ணி சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். "பால் பொங்குதான்னு பாரு."

அடுப்பில் பால் இல்லை.

அவள் நடுவீட்டில் நின்றாள். தோற்றவர்கள் திட்டுவார்கள். அது உலக வழக்கம். அண்ணி வந்த நாளிலிருந்து நடுவரையும் திட்டவில்லை, மாடலையும் திட்டவில்லை. "சாப்பாடு நல்லா போட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நாற்காலி போட்டு ஏறிப் பார்சலை இறக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் கவுனை விரித்தாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

முதலில் சந்தோஷம்தான். நூல் அறுந்திருக்கவில்லை. வெட்டப்பட்டிருந்தது. மூன்று தையலுக்கு ஒன்று வீதம், சுத்தமாக. அப்படி வெட்டினால் தொங்கவிடும்போது நிற்கும். கையைத் தூக்கினால் போய்விடும். வெட்டினவன் தொழில் தெரிந்தவன்.

எங்கே தொடங்கியிருக்கிறான் என்று தேடினாள். எல்லோரும் கைக்குழியை முன்பக்கத்திலிருந்து பிரிப்பார்கள். இது பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தது. கத்தியின் நுனி துணியில் மயிரிழை அளவுக்குக் கீறியிருந்தது. எல்லாக் கீறலும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. முன்னால் இரண்டு விரல்கடைத் தையலைக் கத்தி தொடவில்லை; கடைசியில் கையால் இழுத்தெடுக்க விட்டது, மாடல் கையைத் தூக்கிய வேகத்தில் தானே பிரிந்திருந்தது.

இப்படிப் பிரிக்கிற ஓர் ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அந்த இடக்கை முன்னறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது.

அம்பை எடுத்தவள் ஒட்டவில்லை. கவுனைத் தூக்கிக்கொண்டு போய் இஸ்திரி மேசையில் போட்டாள்.

"நீங்களா?"

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள்.

"பக்கத்து மேசைக்காரி அழுதா. எல்லா கேமராவும் அவகிட்ட ஓடிச்சு. ரெண்டு நிமிஷம் கெடச்சுது."

"ஏன்?"

"நாமளா விலக முடியாது. கையெழுத்துப் போட்டாச்சு. தோத்தாத்தான் வீட்டுக்கு விடுவாங்க."

"எட்டு வாரம் நின்னுட்டு ஒன்பதாவது வாரம் என்ன வந்துது?"

"குடும்ப வாரம். நீ வந்திருப்ப."

"வந்து கைதட்டியிருப்பேன்."

"அவரயும் கூட்டிட்டு வரதா இருந்தாங்க. நீ மேடையில நிக்கும்போது, உனக்குப் பின்னாலேருந்து."

அவள் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள்.

கழுகின் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான். கம்பெனியில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். கப்பல் என்றால் யாரும் தோண்டிக் கேட்பதில்லை; வராததற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் அவன் பதினோரு பஸ் நிறுத்தம் தள்ளி இன்னொருத்தியோடு இருந்தான். ஏழு வருஷமாக. அண்ணன் பஸ் தினம் நாலு தடவை அங்கே நின்று போகும்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"மேக்கப் போடற பொண்ணு வாய் தவறிச் சொல்லிட்டா. அவருக்குச் சட்டை அளவு வாங்கிட்டாங்களாம்."

"வரேன்னுட்டாரா?"

"நீலக் கலர் கேட்டாராம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. கழுகு மூளை அடுத்த தையலுக்குப் போய்விட்டது.

"அப்படி ஒருத்தர் இருக்கார்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி குனிந்துகொண்டாள். கவுனின் கையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

"அண்ணி."

"விண்ணப்பத்துல ஒரு கேள்வி. உங்க வீட்டுல நடந்த மறக்க முடியாத சோகம் என்னன்னு. அரைப் பக்கம் விட்டிருந்தாங்க. சோகம் இல்லாதவள எடுக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு எழுத எதுவும் இல்ல." அண்ணி நிமிரவில்லை. "உன்னோடத எழுதினேன்."

"அரைப் பக்கமும்?"

"பின்பக்கமும் கொஞ்சம்."

போன் அடித்தது. பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"வணக்கம் மேடம்" என்றது ஒரு பெண் குரல். "புதன்கிழமை உறுதிதானே? வண்டி அனுப்பறோம். உங்க லெட்டர் எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது. உங்களுக்காக ஒரு சின்ன ஆச்சரியமும் வெச்சிருக்கோம்."

"நீலச் சட்டையா?"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவளுக்கு அது போதும்.

"மேடம்?"

"நான் எழுதின கடிதம் தப்பு. துணியப் பிரிச்சுப் பாத்துட்டேன். பத்தொன்பது வருஷமா இதுதான் என் வேலை. அந்தக் கை கழண்டது தையல் பிழை. தச்சவங்க பிழை."

இதுவரை அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பொய் வந்ததில்லை. கப்பலைத் தவிர.

"இதையே மேடையில சொன்னீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும் மேடம். மன்னிப்புக் கேக்கற மாதிரி..."

"வரமாட்டோம்" என்று போனை வைத்துவிட்டாள்.

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடை இனி எழுந்திருக்காது என்று இருவருக்கும் தெரிந்தது. வெட்டியது யார் என்று சொன்னால் அண்ணி பேர் நிமிரும். ஏன் என்று அடுத்த கேள்வி வரும்.

"கோவமா?" என்றாள் அண்ணி.

"கப்பல்னே எழுதியிருக்கலாம். கவுத்து விட்டிருந்தா இன்னும் நல்ல சோகம்."

"சரிபாப்பாங்கன்னு பயந்தேன்."

"அவங்களா?"

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கையில் துணிப்பையோடு ஒருத்தி நின்றாள். உள்ளே வருவதா வேண்டாமா என்பது முகத்தில் தெரிந்தது. மேசைமேல் கிடந்த கவுனை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"இல்ல, டிவியில பாத்தோம்... அதான். கை நிக்குமா?"

அண்ணி கவுனை மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"நிக்கும்" என்றாள் நாத்தனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசலுக்கும் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "இனிமே ஒவ்வொரு தையலும் நான் பாத்துத்தான் வெளிய போகும்."

இதைச் சொல்லும்போது அவள் வந்தவளைப் பார்க்கவில்லை. அண்ணியின் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.