வளவுக்காரிட ஒப்பம்

கல்முனைக்குடியில ஜெமீலிட பேக்கரிக்கு போர்ட் ஒண்டும் இல்ல. கடற்கரைப் பக்கம் திரும்பின ஒழுங்கையில, வூட்டுக்குப் பின்னால வளவுக்குள்ள கிடக்கு, பெரிய விறகுப் போறணை. விடியச் சாமம் பாண் வேகிற வாசம் சுபஹுத் தொழுகைக்கு வாற ஆக்கள்ர மூக்கில அடிக்கும். அந்த வாசம்தான் போர்ட் எண்டு அவர் சொல்றவர்.

அந்தப் போறணைய எரிக்கிறதுக்கு வருசா வருசம் லைசன் எடுக்கணும். புகை லைசன் எண்டுதான் பேக்கரிக்காரர் சொல்ற. அதுக்குக் கேக்கிற கடதாசியளத் தேடி அலையக்குள்ள ஒரு சோடி செருப்புத் தேஞ்சு போகும். அதுல ஒரே ஒரு கடதாசிதான் ஜெமீலுக்கு எப்பவும் லேசு. வளவுச் சொந்தக்காரர் சம்மதம் எண்டு வைக்கிற ஒப்பம். வூடுவளவு எங்கட பக்கத்தில பொம்புளப் புள்ளைக்குத்தானே எழுதுற. மாமனார் சீதனமாக் குடுத்த வளவு, பொண்டாட்டி முனவ்வறாட பேரில கிடந்திச்சு. சோறு திண்டு முடிஞ்ச கையோட கடதாசிய நீட்டுவார். அவ வாசிச்சும் பாக்காம ஒப்பத்த வச்சிப் போட்டு, கோப்பையக் கழுவப் போயிருவா.

இந்த வருசம் முனவ்வறாட ஒப்பம் செல்லாது. மகள் ஸம்றாவக் கட்டிக் குடுக்கக்குள்ள வூடும் வளவும் அவட பேருக்கு எழுதியாச்சு. வளவோட சேந்து போறணையும் போயிட்டு. காணி உறுதி எழுதி முடிச்ச அண்டைக்கு அது ஆர்ர மண்டையிலயும் ஓடல்ல. ஜெமீலும் முனவ்வறாவும் மாமூட்டை அடுக்கிற அறைக்குப் பக்கத்தில ஒரு சின்ன அறைய ஒதுக்கிக்கிட்டு, மகளையும் மருமகனையும் பெரிய வூட்டில இருத்திட்டாங்க. ஊர் வழக்கம் அது.

மருமகன் பஸால் கவுமெந்து உத்தியோகம். கல்முனையில, அந்த லைசன் குடுக்கிற கந்தோரிலதான் மேசை, கதிரை, தலைக்கு மேல காத்தாடி.

இஞ்சதான் ஜெமீல் செய்த வேலையச் சொல்லணும். அரசாங்கத்த ஏசாம ஒரு பாண் வித்த மனிசன் இல்ல அவர். மாவுக்கு வரி, சீனிக்கு வரி, கரண்டுக்குக் கூட்டின காசி, பாண நிறுத்துப் பாக்க ஒருத்தன், அடுப்பைப் பாக்க இன்னொருத்தன். உழைக்கிறவன்ட மடியில கைய வச்சு, உழைக்காதவன்ட மேசைக்குக் காத்தாடி போடுறாங்க எண்டு கடைத்தெருவில நிண்டு கத்துவார். அப்பிடியாப்பட்ட மனிசன், மகளுக்கு ஹாட்வெயார் வச்சிரிந்த ஒரு நல்ல மாப்புள வந்த நேரம் என்ன சொன்னார்? "யாவாரிக்கு என்னத்துக்கு என்ட புள்ளயக் குடுக்க? நான் படுற பாடு காணாதா?"

கவுமெந்து மாப்புளைக்கு வெல கூட. பாதி வளவு எண்டு கிடந்த பேச்சு முழு வளவாப் போயிட்டு. குடுத்தார்.

வியாழக்கிழமை கந்தோர் பூட்டுறதுக்குள்ள லைசன் எடுக்காட்டி, போறணைக்கு சீல் வைப்பாங்க. புதன்கிழமை பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பொறகு பஸால் தேத்தண்ணியோட வெறாந்தையில குந்தியிரிந்த நேரம், ஜெமீல் கடதாசியக் கொண்டு போய் நீட்டினார்.

"மருமகன், இதுல ஸம்றாட ஒப்பம் ஒண்டு வேணும்."

பஸால் கடதாசிய வாசிச்சான். பின்பக்கத்தத் திருப்பியும் வாசிச்சான். அந்தக் குடும்பத்தில அந்தக் கடதாசிய வாசிச்ச முதல் ஆள் அவன்தான்.

"மாமா, இது சும்மா ஒப்பம் இல்ல. வளவு ஒரு ஆள்ர, யாவாரம் இன்னொரு ஆள்ர எண்டா குத்தகை எழுதிக் காட்டணும் எண்டு கிடக்கு."

"மாமிட பேரில கிடந்த நேரம் ஒருத்தனும் கேக்கல்லயே."

"புருசன் பொண்டாட்டி எண்டா விடுவாங்க. இப்ப நீங்க வேற குடும்பம், நாங்க வேற குடும்பம்."

அது ஜெமீலுக்கு நெஞ்சில குத்தினிச்சு. ஆனா கந்தோர்க் கணக்குக்கு அது சரி. "அப்ப குத்தகைய எழுதுங்க" எண்டார்.

"குத்தகை எண்டா வாடகை போடணும். போட்டா அது ஸம்றாட வருமானம். அவட பேரில நம்பர் எடுத்து வரி கட்டணும்."

"நான் வாடகை ஒண்டும் தாறல்லயே."

"அதத்தானே மாமா நானும் சொல்றன். தராத காசிக்கு நான் ஏன் வரி கட்டணும்?"

ஜெமீலுக்குச் சிரிப்பு வரப் பாத்திச்சு. கடைத்தெருவில அவர் தொண்டை கட்டக் கத்தின கத்து, இப்ப காத்தாடிக்குக் கீழ இரிக்கிற ஆள்ர வாயால வருது.

"வாடகை இல்லாமச் சும்மா குடுக்கிற எண்டு எழுதேலாதா?"

"எழுதினாக் கேள்வி வரும். எனக்கு இந்த வருசம் பதவி உயர்வு. பொண்டாட்டிட சொத்து விபரமும் குடுக்கணும். ஒரு கோடு பிசகினாலும் என்ட பைலத் தூக்கி அங்கால வச்சிருவாங்க." தேத்தண்ணிய ஒரு மிடறு குடிச்சிட்டு பஸால் குரலத் தணிச்சான். "வேற வழி ஒண்டு இரிக்கி. யாவாரத்த ஸம்றாட பேருக்கு எடுப்பம். பொம்புளயள் தொழில் செய்யிற திட்டம் ஒண்டு வந்திரிக்கி. குறைஞ்ச வட்டிக்குக் கடன், தொடக்கத்தில வரியும் இல்ல. கரண்ட் போறணையே வாங்கலாம். நீங்க உங்கட பதிவ வெட்டிட்டு, சம்பளத்துக்கு நிண்டாச் சரி."

"ஆருக்கிட்ட சம்பளத்துக்கு?"

"ஸம்றாக்கிட்டத்தான்."

"அவக்கு மா பெசையத் தெரியுமா மருமகன்?"

"அதுக்குத்தானே நீங்க இரிக்கீங்க."

ஜெமீல் கதிரையில குந்தாம நிண்டபடியே கதைச்சார். "சுனாமியில கடல் வந்து பழைய போறணைய அள்ளிட்டுப் போன நேரம், நிவாரண லைனில நிக்காத ஆள் நான். விறகுக்காரன் விறகு தந்தான். மா முதலாளி கடனுக்கு மா தந்தார். ஊர் பாண் வாங்கிச்சு. திருப்பிக் கட்டினன். ஸகாத்துக் கேட்டு என்ட வாசலுக்கு ஆபிசர் ஒருத்தரும் வாறல்ல, நானே கணக்குப் பாத்துக் குடுக்கன். மனிசன அவன்ட பாட்டில விட்டா, தானும் திண்டு நாலு பேருக்கும் குடுப்பான். அவன்ட தோளில ஏறி இரிந்து கொண்டு, நாங்கதான் உன்னத் தூக்கி விட்ட எண்டு சொல்லப்படாது."

"நீங்க பாண் கொண்டு போற ரோட்டு அரசாங்கம் போட்டதுதானே மாமா."

"அந்த ரோட்டுக்கு மாவில எடுத்தான், சீனியில எடுத்தான், விறகு கொண்டாற லொறிட டீசலிலயும் எடுத்தான். ஒரு ரோட்ட எத்தின தரம் வாங்குற?"

பஸாலுக்குச் சிரிப்பு வந்திட்டு. "நீங்க எலெக்சன் கேட்டிரிக்கணும் மாமா." எண்டாலும் கடதாசிய மடிச்சு ஜெமீலிட கையிலதான் திருப்பி வச்சான்.

அறைக்கு வந்தா முனவ்வறா மூட்டைக்கு மேல குந்தியிரிந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இரிந்திரிக்கா.

"கவுமெந்து வேணும், கவுமெந்து வேணும் எண்டு நிண்டது நீங்கதான். இந்தா, வூட்டுக்குள்ளயே வந்திட்டு" எண்டா. மறுகா புருசன்ட மூஞ்சப் பாத்திட்டு, "நாளைக்கி அவர் போனாப் பொறகு புள்ளைக்கிட்டத் தனியாக் கேளுங்க. என்ட வவுத்தில பொறந்தவ, வைப்பா" எண்டா.

வியாழன் காலையில பஸாலிட மோட்டசைக்கிள் சத்தம் ஒழுங்கையத் தாண்டினதும் ஜெமீல் குசினிக்குள்ள போனார். ஸம்றா மாசமா இரிந்தா. சின்னப் பலகையில குந்தி சூடைமீன் தலை கிள்ளிக்கிட்டு இரிந்தவ, வாப்பாட கையிலிரிந்த கடதாசியக் கண்டதும் கைய நிப்பாட்டினா.

"அவர் வேணாம் எண்டிட்டார் வாப்பா."

"தெரியும் மகள்."

"வச்சன் எண்டா அவர் தன்ட உம்மாட வூட்ட போயிருவார். ராவு சொல்லிட்டுத்தான் படுத்த."

ஜெமீல் பேனைய நீட்டினபடி நிண்டார். பதிலா ஏதாவது சொல்லியிரிந்தா அவ எதிர்த்துக் கதைச்சிரிப்பா. சும்மா நிண்டதுதான் அவவ உடைச்சிட்டு. மீன் கையச் சட்டையில துடைச்சா. துடைச்சும் போகல்ல, செதில் ஒட்டிக்கிட்டு இரிந்திச்சு. பேனைய வாங்கினா. கடதாசிய முழங்காலில வச்சா.

"எதுல வைக்கிற?"

அவர் விரலால காட்டினார். பேனை கடதாசியில முட்டிட்டு. அவட மத்தக் கை தன்ட வவுத்தத் தடவிக்கிட்டு இரிந்திச்சு, அது அவக்கே தெரியாம. வேற வூடு இல்ல இவளுக்கு, ஆம்புள இல்லாத வூட்டில இவள் புள்ளப் பெறணும், ஊர்ச்சனம் பாண் வாங்க வந்து எட்டிப் பாக்கும். ஜெமீலுக்கு எல்லாம் ஒரே நேரத்தில தெரிஞ்சிச்சு.

கடதாசிய இழுத்தெடுத்தார்.

"வாப்பா?"

"மீனப் பாருங்க மகள். பூனை நிக்கிது."

போறணையடிக்கு வந்தார். கதிர்காமன் நீட்டுப் பலகையால கடைசி அச்சுப் பாண வெளிய இழுத்துக்கிட்டு இரிந்தான். பாண்டிருப்பு ஆள். கடல் அள்ளிட்டுப் போன பழைய போறணையிலயும் இவன்தான் நெருப்புப் பாத்த.

"இதோட விறகு போடாத" எண்டார் ஜெமீல்.

கதிர்காமன் பலகைய ஊண்டி நிண்டு முகத்தத் துடைச்சான். "பெட்டை ஒப்பம் வைக்கல்லயா காக்கா?"

"நான்தான் வேணாமெண்ட."

கதிர்காமன் பாண அடுக்கினான். "மருமகன் சொன்ன அந்தத் திட்டத்துக்குப் போனா என்ன?"

"என்ன கூலிக்கு நிக்கச் சொல்றியா நீ?"

"நான் நிக்கல்லயா?"

அவன் அதக் குத்திக் காட்டச் சொல்லல்ல. நெருப்பப் பாத்துக்கிட்டுத்தான் சொன்னான். "என்ட புள்ள கஜனிக்கு ரெண்டு மாசத்தில பள்ளிக்கூடச் சோதினை காக்கா. பேரு ஆர்ட பேரா இரிந்தாலும் எனக்குச் சம்பளம் வந்தாச் சரி. உங்களுக்கு மானம். எனக்கு அடுப்பு."

ஜெமீல் நாலு பேருக்குச் சோறு போடுறன் எண்டு மருமகனுக்கிட்ட நெஞ்சத் தட்டின ஆள். அந்த நாலு பேரில முதல் ஆள் இஞ்ச நிண்டு கேக்கான். மானத்துக்காகப் போறணைய அணைச்சா, ஆபிசர்மார் இல்ல, இவன்தான் பட்டினி.

தெரிஞ்ச ஆக்கள்ர வளவொண்டில புதுப் போறணை கட்டலாமா எண்டு யோசிச்சுப் பாத்தார். நற்பிட்டிமுனையில ஒரு மச்சான்ட வளவு இரிக்கி. அதுவும் அவன்ட பொண்டாட்டிட பேரில. ஊரில ஆம்புளைக்கு எண்டு ஒரு சாண் நிலம் எங்க கிடக்கு?

ளுஹர் தொழுதிட்டு, வெள்ளைச் சட்டைய மாட்டிக்கிட்டு கந்தோருக்குப் போனார். வாசல் வரைக்கும் லைன். நிவாரணத்துக்கு நிக்காத ஆள் அதுல கடைசியாப் போய் நிண்டார். முன்னுக்கு நிண்ட பொம்புள, "ஜெமீல் காக்காவா? மருமகன் உள்ளுக்குத்தானே இரிக்கார், லைனில ஏன் நிக்கீங்க?" எண்டு கேட்டா. "பரவால்ல புள்ள" எண்டார்.

அவர்ட முறை வர, பஸால் தலையத் தூக்கிப் பாத்தான். முகம் ஒருக்காச் சுருங்கி மறுகா சரியாயிட்டு. ரெண்டு கடதாசி எடுத்தான். ஒண்டு பழைய பதிவ வெட்டுறதுக்கு, மத்தது ஸம்றாட பேரில புதுப் பதிவுக்கும் லைசனுக்கும்.

"கதிர்காமன் நிப்பான்தானே?" எண்டு ஜெமீல் மெல்லக் கேட்டார்.

"கரண்ட் போறணை வந்தா விறகு தள்ள ஆள் தேவல்லயே மாமா. பாப்பம். முதலில இதை முடிப்பம்."

"பாப்பம் எண்டா?"

"ஸம்றாட யாவாரம்தானே இனி. அவ சொல்லணும்."

நேத்து வரைக்கும் ஜெமீல் ஒரு சொல்லுச் சொன்னா அது நடக்கும். இப்ப அவருக்குப் பாப்பம் எண்டு வாங்கிக்கொள்ளத்தான் ஏலும். கிறுகி வூட்டுக்கே திரும்பிப் போவமா எண்டு பாத்தார். போனா இண்டைக்கே சீல். நிண்டா, கொஞ்ச நாளைக்காவது நெருப்பு எரியும்.

"தொழிலக் கைவிடுறதுக்குக் காரணம் ஒண்டு போடணும்" எண்டான் பஸால், கந்தோர்க் குரலில. "என்ன போட?"

"புள்ளைக்குச் சீதனம் குடுத்தன் எண்டு போடுங்க."

பின்னால ஆரோ சிரிச்சாங்க. பஸால் சிரிக்கல்ல. பேனை ஒருக்கா நிண்டிச்சு.

"வயசு எண்டு போடுறன் மாமா."

"ஓம், போடுங்க."

காட்டின இடத்தில ஒப்பம் வச்சார். பஸால் முத்திரை குத்தி, கடதாசிய ரெண்டாக் கிழிச்சு ஒரு துண்ட நீட்டினான்.

"அந்த ஜன்னலுக்குப் போய், பதிவு வெட்டுற காசக் கட்டிட்டு வாங்க" எண்டு சொல்லிட்டு, அடுத்த ஆளக் கூப்பிட்டான்.