பூஜ்யம் என்று எழுதப்பட்ட மொழி

அபூந்தியாவின் வேலை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு என் தங்கை சித்லாலிக்குப் பள்ளியில் பேச ஆள் இல்லை.

சித்லாலிக்கு ஆறு வயது. பள்ளியில் சேர்ந்த புதிதில் அவள் வாயே திறக்கவில்லை. ஆங்கிலம் தெரியாத பிள்ளை என்று ஸ்பானிஷ் பேசும் டீச்சரிடம் அனுப்பினார்கள். அங்கும் பேசவில்லை. மூளை வளர்ச்சிப் பரிசோதனைக்கு எழுதினார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் ஓராண்டுச் சம்பளம் கொடுத்து அபூந்தியாவை வகுப்பு உதவியாளராக அனுப்பியது. அவர் சித்லாலியின் அருகில் தரையில் உட்கார்ந்து, மிஸ்தெக்கோவில் என்னவோ கேட்டார். எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையை அவள் மதியச் சாப்பாடு வரை சொன்னாளாம்.

மிஸ்தெக்கோ எங்கள் மொழி. மெக்சிகோவின் வஹாக்கா மலைகளிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்குத் திராட்சை பறிக்க வந்தவர்கள் பேசுவது. ஸ்பானிஷுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த ஓராண்டு முடிகிறது. இனி பள்ளி வாரியம்தான் சம்பளம் தர வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கும் என்று கலிஃபோர்னியா அரசு தனியாகப் பணம் தருகிறது. அதை யாருக்காகச் செலவழிக்கப் போகிறார்கள் என்று வாரியம் ஜூன் மாதம் ஊரைக் கூட்டிச் சொல்லியாக வேண்டும். அந்தச் செலவுத் திட்டத்தை முழுக்கப் படித்தேன். மிஸ்தெக்கோ பேசும் மாணவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

உயிரியல் படித்துவிட்டுத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே நாங்கள் பூஜ்யம் என்று எழுதுவதில்லை. ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் எழுதுவோம்.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

“ஒருத்தர்கூடவா இல்ல?” அம்மா சிரித்தாள். “நம்ம தெருவுலயே எத்தன பிள்ளைங்க. அதுங்க எல்லாம் பேயா?”

“சேர்க்கும்போது வீட்டுல என்ன பாஷைன்னு கேப்பாங்கல்லம்மா. எல்லாரும் ஸ்பானிஷ்னு சொல்லிட்டாங்க. அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு.”

அப்பா தோர்த்தியா ரொட்டியைக் கிழித்து அவரைக்குழம்பில் தோய்த்தார்.

“கூட்டத்துல போய்ப் பேசுங்க. வேணாங்கல. நம்ம வீட்ட மட்டும் இழுக்காதீங்க. வேலையில என்னைய ஸ்பானிஷ் பேசுற குவாதலஹாராக்காரன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

அம்மா சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

அப்பா பதினாறு வயதில் இங்கே வந்தார். முதலில் சேர்ந்த பறிப்புக் குழுவில் அவருக்குப் பெயரே கிடையாது. ‘வஹாக்காக் குள்ளன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் டிரம்முக்கு மற்றவர்கள் குடித்த பிறகுதான் விடுவார்கள். அவர் ஸ்பானிஷைப் பிசிறில்லாமல் கற்றுக்கொண்டு வேறு குழுவுக்குப் போனார். இன்று முப்பது பேருக்கு மேஸ்திரி. அந்த முப்பது பேரில் ஒருவருக்கும் அவருடைய ஊர் தெரியாது.

கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. போகும் வழியில் காரில் அம்மாவுக்கு விதிகளைச் சொன்னேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் சட்டப்படி இரட்டிப்பு நேரம். அப்பாதான் ஓட்டினார். உள்ளே வந்ததும் கதவோரம் நின்றுகொண்டார்.

அங்கே லியோபார்தோ இருந்தார். அவரும் மேஸ்திரி. அவர் மகனுக்கு அப்பா ஞானத்தகப்பன் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைப்பார்கள்.

“வாங்க கொம்பாத்ரே. நீங்களும் மைதானத்துக்கு லைட்டு கேக்கத்தான் வந்தீங்களா?”

“வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்.”

“நம்ம பசங்க இருட்டுல பந்தத் தேடறானுங்க. இவங்க என்னடான்னா குருவி கத்துற மாதிரி ஒரு பாஷை, அதுக்கு ஆளு, சம்பளம்ங்கறாங்க. வஹாக்காக்காரங்களுக்கு வந்த வாழ்வப் பாருங்க.”

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அம்மாவின் முறை வந்தது. தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில், அபூந்தியாவை அனுப்பிவிடாதீர்கள் என்றாள். ஏன் என்பதற்கு வந்ததும் கதவோரம் நின்ற அப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பள்ளிகளின் கண்காணிப்பாளர் கெல்லர் பொறுமையாகக் கேட்டார். “உங்க அக்கறை புரியுதும்மா. ஆனா இது மக்கள் பணம். யாருக்குன்னு காட்டாம நான் செலவு பண்ணக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கூட்டமே. எங்க பதிவுல அந்த பாஷை பேசற பிள்ளை ஒண்ணுகூட இல்லியே.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“வேற யாராவது பேசணுமா?” என்றார் வாரியச் செயலாளர்.

அப்பா நடந்து வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கி, மிஸ்தெக்கோவில் பேச ஆரம்பித்தார்.

வெளியிடத்தில் அவர் அதைப் பேசி நான் கேட்டதே இல்லை. அவருடைய குரல் எனக்குக் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் கையை விரித்தார்.

“தோன் சில்வேரியோ,” என்று அப்பாவை மரியாதையாக அழைத்தார் செயலாளர், “உங்களுக்குத்தான் ஸ்பானிஷ் நல்லா வருமே. அதுலயே சொல்லிடுங்களேன்.”

“வரும்,” என்றார் அப்பா ஸ்பானிஷில். “இன்னிக்கு அது வேணாம். மொழிபெயர்த்தா எனக்கு நாலு நிமிஷம். சட்டம்தானே?”

கெல்லர் வாரியத் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார்.

“யாரு மொழிபெயர்ப்பாங்க?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். “நெரெய்தா, வாம்மா.”

வகுப்பில் கேள்வி கேட்கக்கூட நான் கை தூக்கியதில்லை. எழுந்து போனேன். அப்பா முதலிலிருந்து தொடங்கினார். எனக்காக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கதவோரம் லியோபார்தோ அசையாமல் நின்றார். நான் மைக்கின் பக்கம் குனிந்தேன்.

“என் பேரு சில்வேரியோ,” என்றேன் ஆங்கிலத்தில். “நான் வஹாக்காக்காரன். எங்க வீட்டுல பேசறது மிஸ்தெக்கோ.”