சில்லுக்குள் விட்ட தண்ணீர்

கடையில் ஓர் இரும்புத் தொட்டி இருக்கிறது. பஞ்சரான ரயரைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கான தொட்டி. பள்ளிக்கூடப் படிப்பை நிறுத்திய பிறகு, விம்பிள்டனுக்குப் பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் உள்ள நவரத்தினம் மாமாவின் இந்த ரயர் கடையைக் காலையில் திறப்பது நான்தான். தை மாதத்தில் என் முதல் வேலை, அந்தத் தொட்டியில் உறைந்திருப்பதைச் சுத்தியலால் உடைப்பது. மாமா பத்து மணிக்கு வருவார். அவர் பார்க்கும்போது அது தண்ணீராகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா தன் சின்ன ட்ராக்டரைக் கொண்டுவந்தார். விளையாட்டுத் திடல்களில் புல் வெட்ட வாங்கியது. இப்போது அதன் முன்னால் பனி தள்ளும் தகடு பூட்டியிருந்தது.

மாமாவின் அக்கா பியற்றிஸ் மாமி விம்பிள்டன் மேட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். போன கிழமை பனி கொட்டிய அன்று, அவரை ஏற்ற வந்த ஆஸ்பத்திரி வான் சரிவின் அடியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. அது இல்லத்தின் சொந்தப் பாதை. பனி தள்ளும் கவுன்சில் வண்டி அங்கே வராது. அப்பா ட்ராக்டரோடு போனார். பாதிச் சரிவில் பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. அடுத்த நாள்தான் மாமியைக் கொண்டுபோனார்கள். அதற்குள் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை.

நாளைக்கும் பனி என்றார்கள். வான் எட்டு மணிக்கு வரும்.

“சில்லுக்குச் செயின் கொழுவுவமே அண்ணை?” என்றார் அப்பா.

“உந்த அளவுக்குச் செயின் திங்கள்தான் வரும்” என்றார் மாமா. “யோகு, உன்ரை மெசினுக்குப் பாரம் காணாது. கிளிநொச்சியிலை சேத்துக்கை உழேக்கை என்ன செய்தனாங்கள்?”

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். “ரயருக்குத் தண்ணி!”

“முக்காவாசித் தண்ணி, மிச்சம் காத்து. அந்தக் காத்தையும் கொஞ்சம் குறைச்சு விட்டால் ரயர் நிலத்தோடை அப்பிக்கொண்டு போகும்.”

“நீங்கள் மெசினைச் சேத்துக்கை தாட்டுப்போட்டு நடந்து வந்ததாத்தானே பியற்றிஸ் அக்கா சொல்லுறவ?”

“அது நானில்லை. அது அவவின்ரை புருசன்.”

“மாமா, தண்ணி…” என்றேன் நான்.

“ஓம் பிள்ளை, தண்ணிதான். குழாயை இழு.”

நான் குழாயை இழுத்தேன். இரண்டு பெரியவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும்போது குறுக்கே பேச எனக்கு எப்போதும் முடிவதில்லை.

சில்லுகளை ஜாக்கியில் தூக்கி, வால்வு மேலே வரும்படி திருப்பினார்கள். தண்ணீர் தானாக இறங்கும்படி ஒரு பிளாஸ்டிக் பீப்பாயை உயரத் தட்டின் மேல் ஏற்றினார்கள். “நிரப்பி வை பிள்ளை, சாப்பிட்டிட்டு வாறம்” என்று பக்கத்துக் கடைக்குக் கொத்துரொட்டி சாப்பிடப் போனார்கள்.

நான் தொட்டியைப் பார்த்தேன். மத்தியானமாகியும் அதன் ஓரத்தில் கண்ணாடிபோல ஒரு படலம் ஒட்டியிருந்தது. சுவரோரம் கார்க் கண்ணாடி கழுவும் நீல நீர் அடைத்த கான்கள் அடுக்கியிருந்தன. ‘மைனஸ் இருபது வரை உறையாது’ என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. பழைய ரயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஏறினேன். பீப்பாயின் பாதிவரை நீலம், மீதிக்குக் குழாய்த் தண்ணீர். மூடியைப் போட்டேன். வெறும் கான்களைக் குப்பை ரயர்களுக்குப் பின்னால் தள்ளினேன்.

அவர்கள் வந்து குழாயைப் பூட்டினார்கள். வால்வு வாயில் நீர் எட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும், நீலம் தெரியுமுன் துடைக்கத் துணியோடு நான்தான் நின்றேன்.

சனி காலை ஆறரை மணி. அன்று மாமாவும் அப்பாவும் நேரத்தோடு வந்திருந்தார்கள். இரவு முழுக்க ட்ராக்டர் கடை வாசலில் வெட்டவெளியில் நின்றிருந்தது. மைனஸ் ஐந்து. பழக்கத்தில் நான் சுத்தியலை எடுத்துத் தொட்டியில் உறைந்திருந்ததை அடித்தேன். மூன்றாவது அடியில்தான் விரிசல் விட்டது.

மாமா என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார்.

“யோகு… தண்ணி.”

அப்பாவுக்கும் விளங்கிவிட்டது. மாமா பனியில் முழங்காலிட்டு ரயரில் காதை வைத்தார். “ஆட்டு.”

அப்பா பலம்கொண்டு தள்ளினார். உள்ளே சளக் என்றது.

“கட்டியாகேல்லை!” என்றார் மாமா. “ரயருக்கை குளிர் போகாது போல.”

“பேசாமல் ஏறுங்கோ அண்ணை.”

இல்லத்தின் சரிவில் ட்ராக்டர் ஒரு தரம் தயங்கியது. பிறகு பாரமாக, அவசரமில்லாமல் ஏறியது. பனி இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டே வந்தது. மேலே போய்த் திரும்பி, கீழே வந்து, மறுபடி ஏறினார் அப்பா. நான் பின்னால் உப்புத் தூவிக்கொண்டு போனேன்.

மேலே இல்லத்து வாசலில் ட்ராக்டரை நிறுத்தியபோது, வால்வு கீழ்ப்பக்கமாக இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு பனியில் விழுந்தது. இன்னொன்று. வெள்ளையில் நல்ல நீலம்.

மாமா குனிந்து விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எத்தினை கான்?”

“பதினாலு.”

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“சொன்னனான் மாமா. ‘தண்ணி’ எண்டு.”

அப்பா இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினார். மாமா விரலைக் காற்சட்டையில் துடைத்தார். “அடுத்த முறை இன்னும் ரெண்டு சொல்லுச் சேர்த்துச் சொல்லு” என்றுவிட்டு, வால்வை இறுக்கக் குறடு தேடினார்.

கதவு திறந்து சக்கர நாற்காலியில் பியற்றிஸ் மாமி வந்தார். இன்று காலில் செருப்பு இருந்தது. கீழே ஆஸ்பத்திரி வானின் முன்விளக்கு வெளிச்சம் திரும்பியது. அது நிற்காமல் சரிவில் ஏறி வருவதை நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.