ஆறாவது பசு

பதினோரு வருடம் கடற்படையில் குப்பை கொட்டிய ஜெத்ரோ டிரெவெனாவுக்குக் கடல் என்றாலே வேப்பங்காய். நன்னம்பிக்கை முனையில் ‘கான்ஸ்டன்ட்’ கப்பலில் ஆறு பசுக்களை ஏற்றியபோது கேப்டன் விப்பிள் வாக்குக் கொடுத்தார்: ஆறும் உயிரோடு நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் ஒப்படைக்கப்பட்டால் ஜெத்ரோவுக்கு விடுதலை, அங்கேயே கரையில் இருந்துகொள்ளலாம்.

மூன்று மாதம் மனிதன் கண்ணயரவில்லை. புயலில் பசுக்களின் வயிற்றுக்கடியில் கித்தான் பட்டை கட்டித் தாங்கி நிறுத்தினான். தன் பங்குத் தண்ணீரையும் அவற்றுக்கே ஊற்றினான். ஆறும் மணலில் இறங்கி நின்றபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கேப்டனுக்கு, கரை சேர்ந்ததும் ராஜா பேரில் கப்பல் பீரங்கியால் முழக்க வேண்டிய மரியாதை வேட்டு ஞாபகம் வந்தது.

“ஐயா, பட்டியில அடைச்சிடறேன். ஒரு அரை மணி பொறுங்க!” என்று கெஞ்சினான் ஜெத்ரோ.

“மாட்டுக்காக ராஜா மரியாதை காத்துக்கிட்டு நிக்கணுமாடா?”

பதிமூன்று வேட்டு. மூன்றாவதிலேயே பசுக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மறைந்தன. மீதிப் பத்தையும் கேப்டன் முறை தவறாமல் முழக்கினார். கரையிலிருந்த ஒற்றைப் பீரங்கியும் பதிலுக்குப் பதிமூன்று முழங்கியது, ஒரு பசுவாவது தப்பித்தவறித் திரும்பிவிடப் போகிறதே என்று. பெரிய மனிதர்களின் மரியாதை எப்போதும் அடுத்தவன் தலையில்தான் விடிகிறது!

“மாடும் போச்சு, வாக்கும் போச்சு. ஏறுடா படகுல!” என்றார் கேப்டன்.

குடியேற்றத்தின் உணவுக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கிளெக், பசியில் பாதியாக இளைத்தவர், குறுக்கே வந்து நின்றார். “துரை, அதுங்க இவன் குரலுக்குத்தான் வரும். இவனையும் கூட்டிட்டுப் போனா நாங்க மண்ணையா திங்கறது?”

கேப்டன் உறுமினார். “சரி, தேடட்டும். ஆறாவது மாடு கிடைக்கிற அன்னைக்கு இவன் மறுபடி என் ஆளு. ஞாபகம் இருக்கட்டும்!”

கப்பல் மாவு ஏற்றிவரப் போய்விட்டது. பத்தாம் நாளே ஆறும் ஒரு புல்வெளியில் சேர்ந்தாற்போல் மேய்வதைக் கண்டான் ஜெத்ரோ. ஐந்தைப் பட்டிக்கு ஓட்டினான். ஆறாவதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளெக்கின் வாசலில் போய்த் திருதிருவென்று விழித்தான்.

கிளெக் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். “கொல்லையில கட்டுப்பா,” என்றார்.

எட்டு மாதம் கழித்துக் கப்பல் வந்தது. “எத்தனை கிடைச்சுது?” கேப்டனின் முதல் கேள்வியே அதுதான்.

“அஞ்சுதாங்க ஐயா,” என்றான் ஜெத்ரோ, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

கேப்டன் நம்பவில்லை. கிளெக் பக்கம் திரும்பினார். கன்னம் உப்பிப்போயிருந்த கிளெக், உதட்டோரப் பாலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“அது படு கள்ளிங்க துரை. இவன் இன்னும் இருபது வருஷமாவது தேடணும்.”