இன்ஷிராவின் சமையலறைக் கதவு

முஹர்ரம் பே பேட்டையில் இன்ஷிராவின் சமையலறைக் கதவு வருடத்துக்கொரு தரம் தலையை இழைத்துக்கொள்ளாமல் மூடிக்கொள்ளாது. பதினோரு வருடமாகத் தச்சரை வைத்து இழைத்து அலுத்துவிட்டாள். "கடல் காத்துல மரம் ஊதுது" என்பார் தச்சர். அலெக்சாண்ட்ரியாவில் கடல் காற்று எந்தப் பழியையும் மறுப்பதில்லை. தச்சர், மேல்மாடி ஹாஜி ஷவ்கத்தின் மனைவியுடைய தம்பி. ஹாஜி தம் கடை டைல்ஸ் பெட்டிகளை அவள் தலைக்கு மேலே மோட்டுவளை வரை அடுக்கியிருந்தது தெருவுக்கே தெரியும். அது ஆபத்து என்று அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கூரையில் விரிசல் கண்டதும் இன்ஷிரா ரனீம் என்ற பெண் இன்ஜினியரை அழைத்து வந்தாள். ரனீம் விரிசலின் குறுக்கே ஜிப்சம் பூசித் தேதி எழுதினாள்.

"மூணு மாசம் தொடாதீங்கம்மா. கூரை இன்னும் இறங்கினா இது உடையும். அதுதான் சாட்சி."

சாட்சி இல்லாமல் ஹாஜி ஒரு பெட்டியையும் நகர்த்தமாட்டார். இன்ஷிராவுக்கோ போக வேறு வீடில்லை.

நடுவில் பெருநாள் வந்தது. விருந்தாளிகள் அண்ணாந்து பார்த்தால்? இன்ஷிரா வெள்ளையடித்தாள். பெயிண்டர் கெட்டிக்காரன், விரிசல், ஜிப்சம், தேதி எல்லாவற்றையும் பட்டி பார்த்து மறைத்துவிட்டான்.

மூன்று மாதம் கழித்து ரனீம் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஹாஜியும் தேநீர்க் கோப்பையோடு இறங்கி வந்தார்.

"கூரை புதுப்பொண்ணு மாதிரி மினுக்குதே, உம்மு வஹீத்!" என்றார், மகன் வஹீதின் பெயரால் இன்ஷிராவை அழைத்து. "பதினோரு வருஷமா ஒரு பெட்டி கூடுதலா ஏத்தல. அன்னிக்குத் தாங்கினது இன்னிக்குத் தாங்காதா?"

"தாங்குறது வேற, தாங்கிக்கிட்டே இருக்கிறது வேற, ஹாஜி," என்றாள் ரனீம். "அதே எடைதான். ஆனா கான்கிரீட் முதல்ல வேகமா வளையும், அப்புறம் மெதுவா வளைஞ்சுக்கிட்டே இருக்கும்."

"பேச்செல்லாம் சரி. சாட்சி?"

எரிச்சலில் ரனீம் கதவைச் சாத்தப் போனாள். மேல்விளிம்பைப் பார்த்ததும் நின்றாள். டேப்பை எடுத்து அளந்தாள். கீல் பக்கத்தைவிடப் பூட்டுப் பக்கம் ஒன்றரை விரற்கடை குட்டை.

"மரம் ஊதினா ரெண்டு பக்கமும் ஊதணும். இது கூரை இறங்கி நிலையை அழுத்தின சாய்வு. முதல் வருஷம் எத்தனை தரம் இழைச்சீங்க?"

"மூணு தரம்," என்றாள் இன்ஷிரா. "இப்பல்லாம் ஒண்ணுதான்."

"நான் சொன்னேன்ல, முதல்ல வேகம்."

"எவனோ கோணலா இழைச்சிருப்பான்," என்று ஆரம்பித்த ஹாஜி பாதியில் நிறுத்தினார். எவனோ என்று தச்சரைச் சொன்னது அவர் மனைவி காதுக்குப் போனால் வீட்டில் சோறு கிடைக்காது.

நான்கு நாள் பெட்டிகள் படியிறங்கின. ஹாஜி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இனி கூரை மேல ஏறுமா?" என்று கேட்டாள் இன்ஷிரா.

"துளி ஏறும். மிச்சம் இப்படியேதாம்மா. கதவைப் புதுசா மாத்திரட்டுமா?"

"வேணாம். அதுவும் கூரையும் இத்தனை வருஷத்துல ஒண்ணுக்கொண்ணு பொருந்திப்போச்சு," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தன் தேநீரைக் குடித்தாள்.