ஏழாம் எண் தாள்

அக்கா தன் தங்கையைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குக் கூட்டிவந்தது துணைக்குத்தான். பை தூக்க ஒரு ஆள் வேண்டும், தான் குறிபார்க்கும்போது வாய் பிளந்து பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். அக்கா பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. பார்க்க ஆள் இல்லாவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். தங்கை தையல்கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். கட்டினவன் விட்டுப் போனதிலிருந்து அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அது யார் வீடு என்பதை மறக்க அக்கா ஒருநாளும் விட்டதில்லை.

ரைபிள் கிளப்பில் ஆறு ஞாயிறு வகுப்பு; துணைக்கு வந்த தங்கையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு தாள், அதன் நடுவில் கறுப்பு வட்டம். பாயில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். சொல்லித் தருபவர் எப்போது பார்த்தாலும் மூச்சு மூச்சு என்று அடித்துக்கொள்வதால் அவருக்கு மூச்சு சார் என்றே பெயராகிவிட்டது.

"முழங்கை பாயிலேர்ந்து எழும்பக் கூடாது. பாதி மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க. ட்ரிக்கர இழுக்காதீங்க, மெதுவா அழுத்துங்க. எப்ப வெடிச்சுதுன்னு உங்களுக்கே தெரியக் கூடாது."

மற்றவர்கள் திணறியபோது தங்கைக்கு அது தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. நாள் முழுக்க ஊசி முனையைப் பார்த்துக்கொண்டு மூச்சடக்குகிறவளுக்கு இதில் என்ன கஷ்டம்? இரண்டாம் ஞாயிறே நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினாள். அக்கா அறுபதிலேயே நொண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது.

கடைசி ஞாயிறு தேர்வு. பத்துக் குண்டு, நூறு புள்ளி. முதலில் வருபவருக்குக் கிளப் அணியில் ஒரு வருடம் இடம், பயிற்சிக்குக் கிளப்பின் துப்பாக்கி. தங்கைக்கு வேறு வழியில் அந்தத் துப்பாக்கி கைக்கு வரப்போவதில்லை. அவள் எதற்கும் வாய்விட்டு ஆசைப்பட்டதே கிடையாது. இதற்கு மட்டும் "கிடைக்குமாக்கா?" என்று ஒரே வாரத்தில் நாலு தடவை கேட்டுவிட்டாள்.

அன்று கூரை ஒழுகியதால் பாய்களைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு ஏழாம் எண், தங்கைக்கு எட்டு. சுடுவதற்கு முன்னால் தாளுக்கு மேலிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும் என்பது மூச்சு சாரின் முதல் பாடம். பதற்றத்தில் தங்கை படிக்கவில்லை. பாய்க்கு நேரே தெரிந்த தாளைப் பார்த்து முதல் குண்டைச் சுட்டாள். இரண்டு பாய்க்கும் பொதுவான தொலைநோக்கி அக்கா பக்கம் இருந்தது. அவள் அதில் கண்ணை வைத்தாள். அவள் இன்னும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, ஆனால் ஏழாம் தாளின் நட்டநடுவில் ஒரு ஓட்டை இருந்தது.

கையைத் தூக்கினால் போதும். முதல் குண்டுக்கு மன்னிப்பு உண்டு; தங்கை தன் தாளுக்கு மாறி மிச்சத்தைச் சுடலாம். அக்காவின் கை பாதி தூரம் எழவும் செய்தது. பிறகு அந்தக் கையாலேயே முடியை ஒதுக்கிக்கொண்டு, துப்பாக்கியை எட்டாம் தாளுக்குத் திருப்பினாள். பத்துக் குண்டையும் அங்கேயே இறக்கினாள் மகராசி.

தாள்கள் வந்தன. ஏழில் தொண்ணூற்றாறு, எட்டில் ஐம்பத்தெட்டு. மூச்சு சார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நம்பரைப் பாத்துத்தானே சுட்டீங்க?"

"நான் பாத்தேன் சார்" என்றாள் அக்கா. அதில் பொய்யே இல்லை.

தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. "நான்... ஞாபகம் இல்ல சார்."

"பாத்தா சார். படுக்கறப்பவே நான் ஞாபகப்படுத்தினேன். பரீட்சைன்னா இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கை நடுங்கும்." சொல்லிக்கொண்டே தங்கையின் தோளை அணைத்துக்கொண்டாள். தங்கை நன்றியோடு சாய்ந்துகொண்டாள். மூச்சு சார் கையெழுத்துப் போட்டார்.

தங்கை அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "உனக்குக் கிடைச்சதே போதும்க்கா" என்றாள், மனசார. அவள் கொஞ்சம் பொறாமைப்பட்டிருந்தால் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் புதியவர்களுக்கான அடுத்த வகுப்பு பதினைந்து நாளில் தொடங்குகிறது, தங்கை மறுபடியும் சேரலாம் என்று மூச்சு சார் சொல்லிவிட்டார். அணிக்கும் அதே நேரத்தில் அதே இடத்தில்தான் பயிற்சி. அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவள் சுட்டால் தொண்ணூறு, தான் சுட்டால் அறுபது. பக்கத்துப் பக்கத்துப் பாயில் இரண்டு வாரம் படுத்தால் சாயம் வெளுத்துவிடும்.

தங்கையே வழி காட்டினாள். "நான் எங்க தப்புப் பண்றேன்னு கொஞ்சம் சொல்லிக் குடேன்க்கா."

அக்கா சொல்லிக்கொடுத்தாள். பின்னறைத் தரையில் படுக்கவைத்து, கையில் துடைப்பக் கட்டையைக் கொடுத்து, தினமும் காலையில் ஒரு மணி நேரம். மூச்சை இழுத்து நெஞ்சு முட்டப் பிடி. ட்ரிக்கரை வெடுக்கென்று இழு. வெடிக்கிற நொடியில் கண்ணை இறுக்கிக்கொள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் அவள் இவ்வளவு பொறுமையாகப் பாடம் நடத்தியதில்லை.

புதிய வகுப்பின் முதல் நாள் தங்கை சுட்ட பத்தில் நான்கு தாளிலேயே படவில்லை. மூச்சு சார் குனிந்து ஏதோ திருத்தினார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சுடும்போது அக்கா சொன்னபடியே சுட்டாள். தொண்ணூற்றாறு எடுத்தவள் அக்காதானே. மூச்சு சார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த பாய்க்கு நகர்ந்தார்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தான்க்கா புரியுது. இத்தனை நாளும் தப்பாவே சுட்டுட்டு இருந்திருக்கேன்."

"ஆமா" என்றாள் அக்கா. "முழங்கைய இன்னும் கொஞ்சம் தூக்கு."