படகு வரும் திங்கள்

மருத்துவப் படகு எங்கள் ஊருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை வரும். உக்காயலி ஆற்றில், புக்கால்பா நகரத்திலிருந்து இரண்டு நாள் பயணம். நான் இங்கே பள்ளி ஆசிரியர். என் மனைவி மார்லெனி பாம்பு கடித்து இறந்து பதினான்கு மாதமாகிறது. மகள் ஜுலிசாவுக்கு ஐந்து வயது.

அவள் இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைவு. ஐந்து படகு, ஐந்து சோதனை. குறைந்தது ஆயிரத்து ஐந்நூறு இருக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. எலும்பு மஜ்ஜை அவற்றை உண்டாக்குவதையே நிறுத்திவிட்டது என்றார் நகரத்து மருத்துவர். தலைநகர் லீமாவுக்கு அனுப்பி மஜ்ஜையை மாற்ற வேண்டும். கொடுக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். பொருந்தாவிட்டால் குழந்தை பிழைப்பது கஷ்டம் என்று ஒப்புதல் தாளில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்த மாதங்களில் யார் எதை நீட்டினாலும் போட்டேன்.

அடுத்த படகில் அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடு. ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. படகு மணல்திட்டில் சிக்கிப் பத்து நாள் தாமதமாக வந்தது.

புறப்படுவதற்கு முன் ஒரு சோதனை. படகில் இரத்தம் எடுத்துச் சோதிப்பவர் செனோபியா அக்கா. ஜுலிசா வாய் நிறைய வறுத்த வாழைக்காயுடன் கையை நீட்டினாள்.

"என்ன இது, மகாராணி இன்னிக்கி அழக் காணோம்?"

"இன்னிக்கி வாய் வலிக்கலையே."

அரை மணி கழித்து அக்கா வெளியே வந்தார். "வாத்தியாரே, மணல்ல மோதினதுல மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. ரெண்டாயிரத்து நூறுங்குது."

மறுபடி எடுத்தார். கண்ணாடித் தகட்டில் தேய்த்து, நுண்ணோக்கியில் தானே எண்ணினார். ஏறக்குறைய அதே எண்.

"வாய் எப்பல்லாம் வலிக்கும் கண்ணு?"

"படகு வந்தா வலிக்கும். புண்ணு வந்துரும். அப்பாகிட்ட சொன்னேன். ஊசிக்குப் பயந்து கதை விடுறேன்னார்."

அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அக்கா பழைய தேதிகளை விரல்விட்டு எண்ணினார். "இருபத்தோரு நாளு, இருபத்தோரு நாளு... இவ மஜ்ஜை நிக்கல, வாத்தியாரே. மூணு வாரத்துக்கு ஒருக்கா நாலஞ்சு நாள் லீவு போடுது போல. நாம கரெக்டா அந்த லீவுலயே வந்து கதவத் தட்டிருக்கோம். முட்டாளுங்க."

"யாரு?"

"நாங்கதான். உங்களயும் சேத்துத்தான்."

"அப்ப லீமா?"

"நான் சொன்னா டாக்டர் கேட்டுருவாரா? ஆறு வாரம், வாரத்துக்கு ரெண்டு தடவ எண்ணிக் காட்டணும். ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்குற ஆஸ்பத்திரியில எண்ணுவாங்க. தோணியில நாலு மணி நேரம்."

"பள்ளிக்கூடம்?"

"ஒரு பையன் அழ மாட்டான், போங்க."

படகில் ஏற்றியிருந்த ஜுலிசாவின் பையை இறக்கினேன்.

பன்னிரண்டு எண்கள் கிடைத்தன. இரண்டு முறை விழுந்து, இரண்டு முறையும் தாமாகவே எழுந்தன. மஜ்ஜை மாற்றுவதை மருத்துவர் ரத்து செய்தார். அதற்குப் பதில் வெள்ளணுக்களைப் பெருக்கும் ஊசி, தினமும். எண்ணிக்கை இறங்கும் நாட்களில் காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தோணியேற வேண்டும். ஒரு நாள் பொறுத்தாலும் ஆபத்து.

ஊசியை நான்தான் போட வேண்டும். முதல் நாள் ஊசியை எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தேன்.

"பயமா இருக்காப்பா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.